சுமை தூக்கிய விமானம்
டகோட்டா வி.பி. 905-இன் கதை



எங்கள் கற்போர் மையத்துக்குப் பெரியவர் ஒருவர் வருகிறார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குவது அவர் வேலை. மூட்டையில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்துப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டவர். எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகி வருகிறார்.

ஒரு நாள் மையத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தோம். அதில் ஒரு விமானத்தின் படம் இருந்தது. வெள்ளி நிறம். இரண்டு இன்ஜின். மூக்கு மேலே தூக்கி, வால் தரையைத் தொட்டு நின்றது. அதன் உடம்பில் எழுதியிருந்த எண்ணைப் பெரியவர் தானே படித்தார்.

"தொள்ளாயிரத்து அஞ்சு."

பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, இது சண்டை போடுற விமானமா?"

"இல்லை ஐயா. இது சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போகிற விமானம்" என்றேன்.

"அப்படின்னா நம்ம ஜாதி! சுமை தூக்குறது. அதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை? படமெல்லாம் போட்டிருக்கான்?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம். வாருங்கள், படிக்கலாம்.

டகோட்டா என்றால் என்ன?

டகோட்டா என்பது ஒரு விமான வகையின் பெயர். அமெரிக்காவில் டக்ளஸ் என்ற கம்பெனி இதைச் செய்தது. முதலில் இது பயணிகள் விமானமாக இருந்தது. 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. படைகளுக்குச் சரக்கு விமானம் நிறையத் தேவைப்பட்டது. பயணிகள் விமானத்தையே கொஞ்சம் மாற்றினார்கள். தரையைப் பலப்படுத்தினார்கள். பக்கத்தில் அகலமான கதவு வைத்தார்கள். படைகளுக்காக மட்டும் 10,000-க்கு மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. இங்கிலாந்துப் படையினர் இதற்கு டகோட்டா என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

இதன் நீளம் சுமார் 19 மீட்டர். ஒரு இறக்கையின் நுனியிலிருந்து மறு இறக்கையின் நுனி வரை சுமார் 29 மீட்டர். மூன்று பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு இன்ஜின்கள் உண்டு. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்டது.

இதில் 28 சிப்பாய்கள் உட்காரலாம். அல்லது சுமார் 2,700 கிலோ சரக்கு ஏற்றலாம். 50 கிலோ மூட்டை என்றால் 54 மூட்டை. இது வேகமான விமானம் அல்ல. மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் போகும். இதில் துப்பாக்கி கிடையாது. குண்டு துளைக்காத கவசமும் கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. இதன் இறக்கை பெரியது. சக்கரங்களின் கால்கள் உறுதியானவை. மெதுவாக வந்து இறங்கும். அதனால் தார் போட்ட ஓடுபாதை வேண்டும் என்பதில்லை. புல்தரையிலும் இறங்கும். மண் தரையிலும் இறங்கும். இந்தக் குணம்தான் பின்னால் பெரிய உதவி செய்தது.

1947 அக்டோபர்

நம் நாடு 1947 ஆகஸ்ட் 15-ஆம் நாள் விடுதலை பெற்றது. அப்போதே இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டு நாடுகள் ஆயின. படைகளும் இரண்டாகப் பிரிந்தன. துப்பாக்கி, லாரி, விமானம் எல்லாம் பங்கு பிரிக்கப்பட்டன.

அந்தக் காலத்தில் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானங்கள் பல இருந்தன. ஜம்மு-காஷ்மீர் அவற்றுள் ஒன்று. அதன் மன்னர் பெயர் ஹரி சிங். எந்த நாட்டோடு சேர்வது என்று அவர் உடனே முடிவு செய்யவில்லை.

அக்டோபர் 22-ஆம் நாள், ஆயுதம் ஏந்திய பழங்குடிப் படையினர் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து லாரிகளில் வந்து காஷ்மீருக்குள் நுழைந்தார்கள். முசாபராபாத் ஊர் விழுந்தது. அங்கிருந்து ஸ்ரீநகர் போகும் சாலையில் முன்னேறினார்கள். மன்னரின் படை சிறியது. அதன் தலைவர் பிரிகேடியர் ராஜிந்தர் சிங், கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு வழியில் தடுத்துப் போராடினார். ஊரி என்ற இடத்தில் பாலத்தை உடைத்து அவர்களைத் தாமதப்படுத்தினார். அந்தப் போரில் உயிரையும் கொடுத்தார்.

அக்டோபர் 24-ஆம் நாள் மஹுரா மின்நிலையம் அவர்கள் கையில் விழுந்தது. ஸ்ரீநகர் நகரம் முழுவதும் விளக்கு அணைந்தது. ஊர் இருட்டில் மூழ்கியது.

அடுத்து பாரமுல்லா நகரம். அது ஸ்ரீநகரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரம். லாரியில் வந்தால் சில மணி நேரம்தான். ஆனால் அவர்கள் பாரமுல்லாவில் கொள்ளையடிப்பதில் நேரத்தைச் செலவிட்டார்கள். அந்த ஊர் மக்கள் மிகவும் துன்பப்பட்டார்கள். மக்பூல் ஷெர்வானி என்ற உள்ளூர் இளைஞர் தவறான தகவல் சொல்லி அவர்களைத் தாமதிக்கச் செய்தார். அதற்காக அவரைக் கொன்றுவிட்டார்கள். ஸ்ரீநகரில் மக்களே தொண்டர் படை அமைத்துத் தங்கள் ஊரைக் காவல் காத்தார்கள்.

அக்டோபர் 26-ஆம் நாள் மன்னர் ஹரி சிங் இந்தியாவோடு சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இனி ஸ்ரீநகரைக் காக்க வேண்டியது இந்தியப் படையின் பொறுப்பு.

ஆனால் படை எப்படிப் போவது?

சாலை எங்கே?

இங்கே வழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்தில் காஷ்மீருக்குப் போகும் முக்கியமான சாலை ராவல்பிண்டியிலிருந்து சென்றது. முசாபராபாத், பாரமுல்லா வழியாக ஸ்ரீநகர் போகும். நாடு பிரிந்த பிறகு ராவல்பிண்டி பாகிஸ்தானில் இருந்தது. படையெடுத்தவர்களும் அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

இந்தியப் பக்கமிருந்து ஜம்மு வழியாக ஒரு பாதை உண்டு. ஆனால் ஜம்மு வரை நல்ல சாலை அப்போது இல்லை. வழியில் ஆறுகள் குறுக்கிட்டன. ஜம்முவுக்கு அப்பால் உயரமான மலை. பனிஹால் கணவாயைத் தாண்ட வேண்டும். அதன் உயரம் 2,800 மீட்டருக்கு மேல். மலையைக் குடைந்த சுரங்கப் பாதை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அந்த வழியாகப் படை போய்ச் சேர்வதற்குள் ஸ்ரீநகர் விழுந்துவிடும்.

ஆகவே மீதி இருந்தது ஒரே வழி. அது ஆகாய வழி.

ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் ஒரு விமான இறங்குதளம் இருந்தது. அது வெறும் புல்லும் மண்ணுமான தரை. மன்னரின் சிறு விமானங்கள் இறங்குவதற்காக அமைத்தது. இரவில் இறங்க விளக்கு இல்லை. எண்ணெய் நிரப்ப வசதி இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் பெரிய விமானம் இறங்குமா?

டகோட்டா இறங்கும்.

வி.பி. 905 புறப்பட்டது

அப்போது நம் விமானப் படையிடம் இருந்த டகோட்டாக்கள் மிகச் சில. அவை 12-ஆம் அணியைச் சேர்ந்தவை. அந்த எண்ணிக்கை போதாது. ஆகவே பயணிகளை ஏற்றிச் சென்ற தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களையும் அரசு கேட்டு வாங்கியது. தனியார் விமானிகளும் ஊழியர்களும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள்.

அக்டோபர் 27-ஆம் நாள். விடிகாலை நேரம். தில்லியில் முதல் டகோட்டாக்கள் கிளம்பின. முன்னால் போன விமானத்தின் எண் வி.பி. 905. அதை ஓட்டியவர் 12-ஆம் அணியின் தலைவர் விங் கமாண்டர் கே.எல். பாட்டியா.

உள்ளே சீக்கியப் படையின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்த சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய்.

சிப்பாய்களோடு துப்பாக்கி, தோட்டா, போர்வை, உணவு எல்லாம் போக வேண்டும். ஸ்ரீநகரில் எண்ணெய் கிடைக்காது. திரும்பி வருவதற்கான எண்ணெயையும் தில்லியிலிருந்தே சுமந்து போக வேண்டும். இவ்வளவு சுமையோடு மலையையும் தாண்ட வேண்டும். அதனால் விமானத்தில் இடம் இருந்தும் குறைவான ஆட்களையே ஏற்ற முடிந்தது.

தில்லியிலிருந்து ஸ்ரீநகர் ஆகாய வழியில் சுமார் 650 கிலோமீட்டர். டகோட்டாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரப் பயணம்.

அப்போது யாருக்கும் ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியாது. இறங்குதளம் நம் பக்கம் இருக்கிறதா? எதிரியின் கையில் விழுந்துவிட்டதா? கர்னல் ராய்க்கு ஓர் உத்தரவு தரப்பட்டிருந்தது. "முதலில் மேலே வட்டமிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இறங்காதீர்கள். ஜம்முவுக்குத் திரும்பிவிடுங்கள்" என்பதே அது.

யோசித்துப் பாருங்கள். கீழே எதிரி இருந்தால் என்ன ஆகும்? டகோட்டாவில் துப்பாக்கி இல்லை. கவசம் இல்லை. மெதுவாகத்தான் இறங்க முடியும். மெதுவாகத்தான் ஏற முடியும். உள்ளே இருப்பவர்கள் அனைவரும் அகப்பட்டுக்கொள்வார்கள்.

விமானங்கள் மேலே வட்டமிட்டன. கீழே எதிரி இல்லை. வி.பி. 905 புல்தரையில் இறங்கியது. கதவு திறந்தது. சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவின் படை காஷ்மீர் பள்ளத்தாக்கில் கால் வைத்தது அப்போதுதான். அந்த நாளை நினைத்துத்தான் நம் ராணுவம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 27-ஐக் காலாட்படை நாளாகக் கொண்டாடுகிறது.

ஆகாயத்தில் ஒரு பாலம்

முதல் விமானம் இறங்கியதோடு வேலை முடியவில்லை. அப்போதுதான் தொடங்கியது.

கர்னல் ராய் காத்திருக்கவில்லை. இருந்த கொஞ்சம் ஆட்களோடு பாரமுல்லா பக்கம் போனார். எதிரி மிகப் பெரிய கூட்டமாக இருந்தது. சண்டை செய்துகொண்டே பின்வாங்க நேர்ந்தது. அந்த மோதலில் கர்னல் ராய் உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஆனால் எதிரி வேகமாக ஸ்ரீநகருக்குள் நுழைவது தடைபட்டது.

இங்கே டகோட்டாக்கள் நிற்கவே இல்லை. தில்லியில் ஏற்று. ஸ்ரீநகரில் இறக்கு. மறுபடியும் தில்லி. மறுபடியும் ஏற்று. மார்க்கெட்டில் லோடு அடிப்பதுபோல நடை நடையாக அடித்தார்கள். ஸ்ரீநகர் தளத்தில் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் மண் புழுதி மேகம்போல எழும். அந்தப் புழுதி அடங்கினால்தான் அடுத்த விமானிக்குத் தரை தெரியும்.

போகும்போது சிப்பாய்களும் தோட்டாவும் உணவும். வரும்போது காயம்பட்டவர்களும் அகதிகளும். வெறும் விமானமாகத் திரும்பவில்லை.

அக்டோபர் 27 முதல் நவம்பர் 17 வரை தில்லியிலிருந்து 704 முறை விமானங்கள் பறந்தன.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறங்குதளம் கையில் இருக்கும் வரைதான் இந்தப் பாலம் நிற்கும். அது போனால் எல்லாம் போயிற்று. எதிரிக்கும் இது தெரியும். நவம்பர் 3-ஆம் நாள் தளத்துக்குப் பக்கத்தில் உள்ள பட்காம் என்ற இடத்தில் பெரிய கூட்டமாகத் தாக்கினார்கள். அங்கே குமாவோன் படையின் ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைவர் மேஜர் சோம்நாத் சர்மா. அவர் கையில் ஏற்கெனவே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. அந்தக் கையோடே அவர் தோட்டா நிரப்பிக் கொடுத்து, சிப்பாய்களுக்குத் தைரியம் சொல்லிப் போராடினார். அங்கேயே உயிர் விட்டார். நாட்டின் முதல் பரம்வீர் சக்கரம் அவருக்குத்தான் வழங்கப்பட்டது.

தளம் காப்பாற்றப்பட்டது. விமானங்கள் தொடர்ந்து இறங்கின. ஆட்கள் பெருகினார்கள். நவம்பர் 7-ஆம் நாள் ஷாலாடெங் என்ற இடத்தில் நம் படை எதிரியை முறியடித்தது. மறுநாள் பாரமுல்லா மீட்கப்பட்டது.

பூஞ்ச், லே

போர் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. டகோட்டாக்களின் வேலையும் நீண்டது.

பூஞ்ச் என்ற நகரம் நாலா பக்கமும் சூழப்பட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான அகதிகள். சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. சிப்பாய்களும் பொதுமக்களும் சேர்ந்து மண்ணைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, ஒரு சிறு ஓடுபாதை அமைத்தார்கள். 1947 டிசம்பரில் ஏர் கமடோர் மெஹர் சிங் அங்கே டகோட்டாவை இறக்கினார். பிறகு இரவு நேரத்திலும், எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில், பீரங்கி கொண்டுபோய் இறக்கினார்கள். அரிசியும் மாவும் மருந்தும் போயின. அகதிகளும் காயம்பட்டவர்களும் வெளியே வந்தார்கள். 1948 நவம்பர் வரை, ஓராண்டுக் காலம், பூஞ்ச் விழாமல் நின்றது.

அடுத்து லே. அது லடாக்கில் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே சோனம் நோர்பு என்ற லடாக்கைச் சேர்ந்த இன்ஜினியர், ஊர் மக்களைக் கொண்டு ஓர் இறங்குதளம் அமைத்தார். 1948 மே 24-ஆம் நாள் மெஹர் சிங் அங்கே டகோட்டாவில் இறங்கினார். அவரோடு ஜெனரல் திம்மையாவும் போனார். வழியில் மிக உயர்ந்த பனிமலைகள். சரியான வரைபடம் இல்லை. டகோட்டா ஏறக்கூடிய உயரத்தின் எல்லையை ஒட்டிப் பறக்க வேண்டியிருந்தது. அந்த உயரத்தில் மூச்சு விடவே சிரமம். மெஹர் சிங்குக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது.

1949 ஜனவரி 1-ஆம் நாள் போர் நிறுத்தம் வந்தது.

அதன் பிறகும் டகோட்டாக்கள் நம் விமானப் படையில் பல ஆண்டுகள் உழைத்தன. 1971 டிசம்பர் 11-ஆம் நாள் வங்கதேச விடுதலைப் போரில், டாங்கைல் என்ற இடத்தில் நம் சிப்பாய்கள் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற விமானங்களில் டகோட்டாக்களும் இருந்தன. பிறகு புதிய விமானங்கள் வந்தன. பழையவை ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன.

எண் ஒன்று, விமானம் வேறு

இப்போது செய்தித்தாள் படத்துக்கு வருவோம்.

படத்தில் இருந்த விமானத்திலும் வி.பி. 905 என்றுதான் எழுதியிருந்தது. அப்படியானால் 1947-இல் ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானமா?

இல்லை. இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

படத்தில் இருப்பது வேறொரு டகோட்டா. இதுவும் இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1944-இல் செய்யப்பட்டது. பல கைகள் மாறி, பழுதான நிலையில் கிடந்தது. 2011-இல் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கினார். அவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினர். அவருடைய அப்பா எம்.கே. சந்திரசேகர் நம் விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். அப்பா மேல் உள்ள அன்பால் மகன் இதை வாங்கி, இங்கிலாந்தில் பழுது பார்த்து, நம் விமானப் படைக்குப் பரிசாகக் கொடுத்தார்.

2018 ஏப்ரலில் இந்த விமானம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து கிளம்பியது. கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. தானே பறந்து வந்தது. வழியில் பல நாடுகளில் இறங்கி, எண்ணெய் நிரப்பி, இந்தியா வந்து சேர்ந்தது. 2018 மே 4-ஆம் நாள் தில்லிக்கு அருகில் உள்ள ஹிண்டன் விமானத் தளத்தில் முறைப்படி படையில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பரசுராமா என்று பெயர் வைத்தார்கள். 1947-இல் உழைத்த விமானத்தின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணையும் எழுதினார்கள்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான். பெயர் ஒன்று. ஆள் வேறு. பேரனைப் பார்த்துத் தாத்தாவை நினைக்கலாம். ஆனால் பேரனே தாத்தா என்று சொல்லக்கூடாது.

2021-ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பில், தில்லியில், பரசுராமா மக்கள் தலைக்கு மேலே பறந்து சென்றது. 2022-இலும் பறந்தது.

பெரியவரின் பதில்

இந்தப் பாடத்தை எங்கள் மையத்தில் நாலு நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தோம். கடைசி நாளில் பெரியவரைக் கேட்டேன்.

"ஐயா, சண்டை போடாத விமானத்துக்கு எதுக்கு மரியாதைன்னு கேட்டீங்களே. இப்ப சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"விடிகாலை மூணு மணிக்கு நாங்க லோடு இறக்கறோம் தம்பி. ஏழு மணிக்கு வந்து காய் வாங்குறவங்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனா நாங்க ஒரு நாள் வரலேன்னா கடை திறக்காது. அங்கயும் அப்படித்தான். துப்பாக்கி பிடிச்சவர் பெரிய ஆளுதான். அவரைக் கொண்டு போய் விட்டது யாரு? தோட்டா கொடுத்தது யாரு? காயம் பட்டவரைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

பிறகு நோட்டை எடுத்தார். தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே 905 என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் தெளிவாகப் படிக்க முடிந்தது.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

சமஸ்தானம் – மன்னர் ஆண்ட பகுதி
கணவாய் – இரண்டு மலைகளுக்கு இடையே உள்ள வழி
ஓடுபாதை – விமானம் ஏறவும் இறங்கவும் ஓடும் தரை
பட்டாலியன் – பல நூறு சிப்பாய்கள் கொண்ட படைப் பிரிவு
அகதி – ஊரை விட்டு உயிர் தப்பி வந்தவர்
மகாவீர் சக்கரம், பரம்வீர் சக்கரம் – போரில் காட்டிய வீரத்துக்கு நாடு தரும் விருதுகள். இவற்றில் பரம்வீர் சக்கரமே மிக உயர்ந்தது.

படித்துப் பதில் எழுதுங்கள்

1. டகோட்டா முதன்முதலாகப் பறந்தது எந்த ஆண்டு?
2. ஸ்ரீநகருக்குப் படை சாலை வழியாகப் போக முடியாமல் போனது ஏன்? இரண்டு காரணம் எழுதுங்கள்.
3. கர்னல் ராய்க்குத் தரப்பட்ட உத்தரவு என்ன?
4. பட்காமில் நடந்த சண்டை விமானங்களுக்கு ஏன் முக்கியமானது?
5. இப்போது வி.பி. 905 என்ற எண்ணோடு இருக்கும் விமானத்தின் பெயர் என்ன? அது 1947-இல் பறந்த அதே விமானமா?

கணக்குப் போடுங்கள்

அக்டோபர் 27 முதல் நவம்பர் 17 வரை மொத்தம் எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
அந்த நாட்களில் 704 முறை விமானங்கள் பறந்தன. சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை முறை?
(விடை: 22 நாள். ஒரு நாளைக்கு 32 முறை.)

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊருக்கு அரிசி, மண்ணெண்ணெய், காய்கறி, மருந்து எல்லாம் எங்கிருந்து வருகின்றன? யார் ஏற்றுகிறார்கள்? யார் இறக்குகிறார்கள்? ஒரு வாரம் அவர்கள் வராவிட்டால் என்ன ஆகும்? மையத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். பேசியதை ஐந்து வரிகளில் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.